பூத்தையலுக்கு என்ன விலை?

எம்பிராய்டரி என்ற சொல்லுக்குத் தமிழில் பூத்தையல், பூவேலை, சித்திரத் தையல் என்று அழகிய பெயர்கள் பல உண்டு. பெயர்களுக்குக் குறைவில்லை. அந்த வேலையை ஒரு தொழில் என்று ஒப்புக்கொள்வதில்தான் நமக்குத் தயக்கம் இருந்து வருகிறது. தச்சர் கையிலுள்ள உளியும், பொற்கொல்லர் கையிலுள்ள குறடும் தொழிற்கருவிகள். வீட்டுப் பெண்ணின் கையிலுள்ள ஊசியோ பொழுதுபோக்குச் சாதனமாகவே எண்ணப்படுகிறது. நாளெல்லாம் குனிந்து தைத்தவளைப் பற்றி, "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்று அவள் வீட்டாரே சொல்லக் கேட்கிறோம்.

நம் பழைய இலக்கியம் இவ்வகையில் நம்மைவிடக் கூர்ந்த பார்வையுடையது. பருத்தியோடு பாடுபடும் பெண்ணொருத்தியைப் புறநானூறு காட்டுகிறது. இரவில் எழுந்து பஞ்சிலிருக்கும் குப்பையைப் புடைத்து நீக்கும் அவளருகே ஒரு சிறு விளக்கு எரிகிறது. ஆண் துணையற்ற மகளிர் தம் முயற்சியால் நூற்ற மெல்லிய நூலை நற்றிணை ஓர் உவமைக்காக எடுத்துக்கொள்கிறது. இரண்டு இடங்களிலும் புலவர் சொல்ல வந்த செய்தி வேறு. ஆயினும் போகிற போக்கில், வீட்டிற்குள் நடக்கும் அந்த உழைப்பையும், அதற்குரிய இரவையும், விளக்கையும் அவர்கள் காணத் தவறவில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக டில்லியில் என் வீட்டிலிருந்தபடியே நான் இத்தொழிலை நடத்தி வருகிறேன். பெரிய நிறுவனம் எதையும் நான் உருவாக்கவில்லை. ஓர் அறை, ஒரு நீண்ட சட்டம், நாலைந்து வளையங்கள், நூல் நிறைந்த மர அலமாரி ஒன்று, அவ்வப்போது வந்து சேர்ந்து தைக்கும் ஐந்தாறு பெண்கள், இவ்வளவுதான் என் தொழிற்சாலை. இதன் அன்றாட நடைமுறையையும், அதிலே எனக்கு மிகக் கடினமாக இருந்த ஒரு கணக்கையும் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன்.

என் சொந்த ஊர் நாகர்கோவில். அங்கே 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னலைக் கற்பித்தார். அந்தப் பின்னல் நல்ல விலைக்குப் போயிற்று. அடிமைகளாக இருந்த குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர், பின்னி ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கினர் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855-இல்தான். அதற்கு முன்பே நூலும் ஊசியும் சில பெண்களுக்கு வழி திறந்திருக்கின்றன. அந்த மரபின் எச்சமாக எங்கள் பள்ளியிலும் வாரம் இரண்டு நாள் தையல் வகுப்பு உண்டு. ஓட்டுத் தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல், முடிச்சுத் தையல் எல்லாம் அங்கே கற்றவை. தையலின் பின்புறமும் முன்புறம் போலவே சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசிரியையின் சட்டம். முடிச்சுத் தெரிந்தால் பிரித்துவிடுவார்.

1979-இல் திருமணமாகி டில்லிக்கு வந்தேன். இராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு. பக்கத்து வீட்டில் ஒரு முதிய பஞ்சாபி அம்மையார் இருந்தார். 1947-இல் இராவல்பிண்டியிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். எல்லோரும் அவரைப் பீஜி என்றே அழைப்போம். குளிர்காலத்து வெயிலில் மொட்டை மாடியில் கட்டில் போட்டு அமர்ந்து, அவர் எனக்குப் புல்காரி கற்றுக்கொடுத்தார். நான் அறிந்திருந்த முறைக்கு அது நேர் எதிரானது. துணியின் மேல் படம் வரைவதில்லை. முரட்டுக் கதர்த் துணியின் பின்புறத்திலிருந்து இழைகளை எண்ணி எண்ணித் தைக்க வேண்டும். முறுக்கேறாத பட்டு நூல் முன்புறத்தில் நீளநீளமாகப் படிந்து வெயிலில் பளபளக்கும். கண்ணேறு படாமலிருக்க ஒரு மூலையில் வேண்டுமென்றே நிறத்தை மாற்றி ஒரு சிறு பூவை வைப்பார்கள்.

பீஜியின் ஊரில் புல்காரி விற்பனைப் பொருளன்று. பேத்தி பிறந்தவுடன் அவள் திருமணத்திற்காகப் பாட்டி தைக்கத் தொடங்குவதாம். பிரிவினைக்குப் பிறகு டில்லியில் வந்திறங்கிய பெண்கள், அன்பளிப்பாகச் செய்து வந்த அதே வேலையை அரிசி வாங்குவதற்காகச் செய்ய நேர்ந்தது. அவர்களுடைய கைவேலைக்குச் சந்தை தேடிக் கொடுத்தவர்களுள் கமலாதேவி சட்டோபாத்யாய முதன்மையானவர். 1952-இல் அகில இந்தியக் கைவினை வாரியம் அமைந்தபோது அதற்குத் தலைமை ஏற்றவரும் அவரே. "பேத்திக்குத் தைத்தபோது நாள் கணக்குப் பார்க்கவில்லை பேட்டி, பசிக்குத் தைத்தபோது பார்க்கத் தெரியவில்லை" என்று பீஜி ஒருமுறை சொன்னார். அப்போது அதை ஒரு முதியவளின் பெருமூச்சாக மட்டுமே கேட்டுக்கொண்டேன்.

எனக்கு வந்த முதல் வேலை 1983-இல். எங்கள் குடியிருப்பிலேயே ஓர் அதிகாரியின் மனைவி, மகள் திருமணத்திற்காக ஆறு தலையணை உறைகளும் இரண்டு படுக்கை விரிப்புகளும் கேட்டார். ஒன்றரை மாதம் தைத்துக் கொடுத்தேன். மிகவும் மகிழ்ந்து, தாம்பூலத்தோடு ஒரு பெரிய எவர்சில்வர் தட்டை என் கையில் வைத்தார். பணம் கொடுத்தால் நான் மனம் வருந்துவேனோ என்று தயங்கினாராம். அவருடைய அன்பில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அவர் வீட்டுக்கு வர்ணம் பூசியவருக்கு யாரும் தட்டு வைத்துக் கொடுக்கவில்லை. வேலைக்குக் கூலியும், உறவுக்கு வெகுமதியும் என்ற பாகுபாட்டில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை நானே முடிவு செய்ய வேண்டும் என்று அன்று தோன்றியது. அடுத்த வேலைக்கு முன்னதாகவே விலை சொன்னேன். நாக்கு உலர்ந்துதான் போயிற்று. ஆனால் கேட்டவர் வியப்படையவில்லை; பேரம் பேசினார். பேரம் பேசினாலே அது வியாபாரம் ஆகிவிடுகிறது அல்லவா!

வீட்டில் நடக்கும் தொழிலுக்கு நேரம் வகுப்பது தனிக் கலை. வெள்ளைத் துணி வேலையை விடியற்காலையில், அடுப்படிக்குப் போவதற்கு முன்பே முடித்துக்கொள்வேன். சமையலுக்குப் பிறகு எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரல் நுனியில் மஞ்சள் எஞ்சியிருக்கும். வெள்ளை வாயிலில் ஒருமுறை அது பட்டுவிட்டால் எளிதில் போகாது. அடர்ந்த நிறத் துணிகள் நண்பகலுக்கு. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் வேலை என்றால் பகல் வெளிச்சம் தவிர வேறு எதையும் நம்பக்கூடாது. மாலையில் விளக்கொளியில் சிவப்பும் கருஞ்சிவப்பும் ஒன்றுபோல் காட்டி ஏமாற்றும். ஆகவே மாலை நேரம் நூல் பிரிப்பதற்கும், ஓரம் அடிப்பதற்கும், கணக்கு எழுதுவதற்கும் உரியது.

டில்லியின் பருவங்களும் தொழிலில் பங்கு கொள்கின்றன. மே, ஜூன் மாதங்களில் உள்ளங்கை வியர்த்து ஊசி வழுக்கும். முகப்பவுடரை விரலில் தடவிக்கொண்டு தைப்போம். மழைக்காலத்தில் ஜரிகை கறுக்கும். அதைக் காகிதத்தில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். கடுங்குளிரில் விரல் மரத்துப் போகும். மூடுபனி நாட்களில் பத்து மணி வரைக்கும் வெளிச்சமே வராது. ஆனால் திருமணங்கள் அதிகம் நடப்பது அந்தக் காலத்தில்தான். தீபாவளிக்கு முன் ஒரு மாதமும், திருமணப் பருவமும் உறக்கத்தைக் கடன் வாங்கிய நாட்கள்.

ஒரு பூ துணியில் ஏறுவதற்குள் நடக்கும் வேலைகளை வாங்குவோர் அறிவதில்லை. முதலில் படத்தை டிரேசிங் தாளில் வரைந்து, கோட்டின் மீது ஊசியால் நெருக்கமாகத் துளையிட வேண்டும். பிறகு தாளைத் துணிமீது விரித்து, வெளிர் துணியானால் நீலப் பொடியையும், அடர்நிறத் துணியானால் வெள்ளைத் துத்தநாகப் பொடியையும் மண்ணெண்ணெயில் குழைத்து, துணிப்பந்தால் தேய்க்க வேண்டும். துளைகளின் வழியே படம் புள்ளி புள்ளியாக இறங்கும். தாள் ஒரு நூலளவு நகர்ந்தாலும் இலைக்கு இரண்டு விளிம்புகள் விழுந்துவிடும். துணி சுருங்குமா என்று முன்பே நனைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு நூல் சாயம் விடுமா என்று ஈர வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்க வேண்டும். தைத்து முடித்தபின் கனத்த துவாலையின் மேல் பூவைக் கவிழ்த்து வைத்துப் பின்புறத்தில்தான் இஸ்திரி போட வேண்டும். இல்லையேல் மாதக்கணக்கில் எழுப்பிய பூ ஒரு நிமிடத்தில் தட்டையாகிவிடும்.

நூலுக்காகவும் மணிகளுக்காகவும் மாதம் ஒருமுறை சாந்தினி சௌக்கின் கினாரி பஜாருக்குப் போவது வழக்கம். ஒரு கையை நீட்டினால் எதிர்க்கடையைத் தொட்டுவிடலாம் என்னும்படி குறுகிய சந்து. இருபுறமும் ஜரிகை நாடா, கோட்டா, லேஸ், குந்தன் கல், சமிக்கி எல்லாம் அருவிபோல் தொங்கும். அங்கே அழகைப் பார்த்து வாங்கக் கூடாது, எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது பல ஆண்டுகளில் கற்ற பாடம். ஆங்கர் நூலில் கறுப்புக்கு எண் 403. அந்த எண்ணைச் சொன்னால் எந்தக் கடையிலும் அதே கறுப்பு கிடைக்கும். ஆனால் நிற எண் ஒன்றாக இருந்தாலும், சாயத் தொட்டி மாறினால் நிறம் ஒரு சாயல் மாறும். ஆகவே ஒரு வேலைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும்.

இனி அந்தக் கடினமான கணக்குக்கு வருகிறேன். துணிக்கு விலை உண்டு. நூலுக்கு விலை உண்டு. பேருந்துக் கட்டணத்தைக்கூட எழுதிவிடலாம். நேரத்தை எப்படி அளப்பது? கடையில் உட்கார்ந்திருப்பவருக்குத் திறக்கும் நேரம், மூடும் நேரம் உண்டு. எனக்கோ குக்கர் கூவினால் எழ வேண்டும்; தபால்காரர் மணியடித்தால் எழ வேண்டும்; குழந்தை பள்ளியிலிருந்து வந்தால் எழ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து எழுதினால் நாள் முழுவதும் வேலை செய்ததுபோலவும் இருக்கும், ஒன்றுமே செய்யாததுபோலவும் இருக்கும்.

இதற்கு எங்கள் பாட்டி பல்லாங்குழி ஆடியதிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பூத்தையலில் ஒரு முழத்துக்கு மேல் நூல் வெட்டக்கூடாது. நீளமாக எடுத்தால் துணிக்குள் போய்வந்து நார்நாராகப் பிரிந்து பொலிவிழக்கும். ஆகவே ஒவ்வொரு முறை ஊசியில் கோக்கும் நூலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஒரு நூல் தீர்ந்தவுடன் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடுவேன். இடையில் எத்தனை முறை எழுந்து போனாலும் புளியங்கொட்டை எழுந்து போகாது. நுண்ணிய வேலையில் ஒரு நூல் தீர எனக்குச் சுமார் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது என்று பல நாள் பார்த்து வைத்திருந்தேன்.

அந்தக் கணக்கின் முடிவு என்னையே திகைக்க வைத்தது. ஒரு சிட்டம் நூல் எட்டு மீட்டர். ஆறு இழை கொண்டது. அதில் பதினேழு முழத் துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 51 ஊசி நூல். பன்னிரண்டால் பெருக்கினால் 612 நிமிடம். அதாவது, ஒரு கோப்பைத் தேநீரின் விலைக்குக் கிடைக்கும் சிறு சிட்டம் தீர்வதற்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். "இதில் என்ன இருக்கிறது, நாலு சிட்டம் நூல்தானே?" என்று விலையைக் குறைக்கக் கேட்பவருக்கு, அந்த நாலு சிட்டம் நாற்பது மணி நேரம் என்று விடை சொல்ல அன்றிலிருந்து என்னால் முடிந்தது.

மணிக்கு எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. மனம்போனபடி ஒரு தொகையை வைத்தால் நாமே குறைத்துக்கொள்வோம். வீட்டுப் பெண்களுக்கு அது இயல்பாகிவிட்டது. எனவே டில்லி அரசு தேர்ச்சி பெற்ற தொழிலாளர்க்கு அறிவிக்கும் குறைந்தபட்ச நாட்கூலியை எட்டால் வகுத்து, அதையே ஒரு மணிக்குரிய கூலியாக எழுதிக்கொண்டேன். அரசு அதை உயர்த்தும்போதெல்லாம் நானும் உயர்த்தினேன். இதனால் வாடிக்கையாளர் சிலரை இழந்தேன். நிலைத்தவர்கள் கணக்குப் புத்தகத்தைக் காட்டினால் புரிந்துகொண்டவர்கள்.

வேலை பெருகியபோது பிற பெண்களும் வந்து சேர்ந்தனர். ஜங்புரா பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராஸி கேம்பிலிருந்து தமிழ்ப் பெண்கள் இருவர். காந்தா தையல் அறிந்த வங்காளப் பெண்கள் இருவர். ஜர்தோஸி வேலையில் கைதேர்ந்த பரேலி நகரத்துப் பெண் ஒருத்தி. அவர்களுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி எழுந்தபோதுதான் என் கணக்கு உண்மையான சோதனைக்கு உள்ளாயிற்று. தனக்கென்று கூலி கேட்பது ஒரு துணிவு. தன்னிடம் வேலை செய்பவளுக்கு அதே கூலியைக் கொடுப்பது இன்னொரு துணிவு. சந்தையில் உருப்படிக் கூலிதான் வழக்கம். பூவுக்கு இவ்வளவு, கொடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் நேரம் மறைந்துவிடும். நான் எல்லோருக்கும் ஆளுக்கொரு டப்பாவும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் கொடுத்தேன். முதலில் சிரித்தார்கள். மாத முடிவில் கொட்டைகளை எண்ணிக் கணக்குப் பார்த்தபோது ஒருத்தி, "அக்கா, இத்தனை நேரமா நான் உட்கார்ந்திருக்கேன்?" என்று கேட்டாள். தன் உழைப்பின் அளவை முதன்முறையாகக் கண்ட வியப்பு அது.

1991-இல் ஏற்றுமதி வணிகர் ஒருவர் அறுபது மேசை விரிப்புகளுக்கு வேலை கொடுத்தார். துணியும் நூலும் அவருடையவை. இரண்டு தவணையாக நூல் வந்தது. இரண்டாம் தவணையில் வந்த சிவப்பு ஒரு சாயல் மங்கலாக இருந்ததை உடனே சுட்டிக் காட்டினேன். பரவாயில்லை, தைக்கலாம் என்றார். தைத்து அனுப்பியபின் இருபத்திரண்டு விரிப்புகள் நிறம் சேரவில்லை என்று திரும்பி வந்தன. அவற்றுக்குரிய கூலியையும் அவர் நிறுத்திக்கொண்டார். எழுத்து மூலம் எதுவும் இல்லாததால் கேட்பதற்கு இடமில்லை.

அன்று மாலை ஐவரும் வந்திருந்தனர். செய்தி அதற்குள் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "அக்கா, துணி திரும்பி வந்துட்டா எங்க கூலியிலேயும் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று ஜங்புராவிலிருந்து வந்தவள் தானாகவே சொன்னாள். "துணிதான் திரும்பி வந்திருக்கு, நீங்க உட்கார்ந்த நாள் திரும்பி வந்திருக்கா?" என்று கேட்டேன். புதிய தையல் இயந்திரத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து முழுக் கூலியையும் கொடுத்தேன். இயந்திரம் வாங்க மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. அன்றுமுதல் பாதிப் பணம் முன்பணமாக வராமல் வேலை தொடங்குவதில்லை. ஒவ்வொரு வேலையிலும் நூலின் எண்ணும் வாங்கிய நாளும் எழுதிய அட்டையில், கொடுப்பவர் கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.

இது என் ஒருத்தியின் அனுபவமன்று. லக்னோவின் சிகன் வேலை உலகப் புகழ் பெற்றது. 2008-இல் புவிசார் குறியீடும் பெற்றது. துணியை வெட்டுபவர், மர அச்சால் படம் பதிப்பவர், தைப்பவர், வெளுப்பவர், விற்பவர் என்று அதில் பல கைகள் உண்டு. சிகனைச் சிகனாக்குவது தைப்பவளின் கை. ஆனால் அந்தச் சங்கிலியில் மிகக் குறைவாகப் பெறுவதும் அதே கைதான். 1984-இல் லக்னோவில் தோன்றிய சேவா அமைப்பு, இடைத்தரகரைத் தவிர்த்துப் பெண்களை ஒன்றுதிரட்டியதற்குக் காரணம் இதுவே. எலா பட் அம்மையார் 1972-இல் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா சங்கம், வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்ணும் தொழிலாளியே என்ற கருத்தை உலக அரங்குக்கு எடுத்துச் சென்றது. அதன் விளைவாக 1996-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வீட்டுவழித் தொழிலாளர் பற்றிய 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. நம் நாடு இன்னும் அதை ஏற்று ஒப்புதல் அளிக்கவில்லை. சட்டம் வரும் வரையில் அவரவர் கணக்குப் புத்தகமே அவரவர்க்குச் சட்டம்.

இயந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று பல ஊசிகள் கொண்ட கணினி இயந்திரம் நிமிடத்துக்கு எண்ணூறு, ஆயிரம் தையல் போடுகிறது. என் கையில் நிமிடத்துக்கு ஐந்தாறு தையல். அதனோடு வேகத்தில் போட்டியிடுவது நடைப்பயணி ரயிலோடு போட்டியிடுவதற்கு ஒப்பாகும். இயந்திரத்தை நான் வெறுக்கவில்லை. நூறு பள்ளிச் சீருடைகளில் ஒரே சின்னம் வேண்டுமென்றால் இயந்திரக் கடைக்கே அனுப்பிவிடுகிறேன். ஆனால் பாட்டியின் திருமணப் புடைவையில் பூச்சி அரித்த இரண்டு மாங்காய்களை, பழைய நூலின் மங்கிய நிறத்துக்கு இணைத்துத் தைப்பது இயந்திரத்தால் ஆகாது. இழை எண்ணித் தைக்கும் புல்காரியைப் போல அச்சுத் தோற்றம் வரலாம். பின்புறத்தைத் திருப்பினால் வேறுபாடு தெரிந்துவிடும். அதனால் இப்போதெல்லாம் வாங்க வருகிறவரிடம் துணியை முதலில் திருப்பிக் காட்டுகிறேன். எங்கள் தையலாசிரியை எழுந்து வந்து பார்த்தாலும் குறை சொல்ல மாட்டார் என்பது என் நம்பிக்கை.

வீட்டுத் தொழிலுக்கு வீடே முதல். இதைக் கடந்த ஆண்டு போல் நான் என்றும் உணர்ந்ததில்லை. 2025 ஜூன் 1 அன்று, உயர் நீதிமன்ற உத்தரவின்படி மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. தகுதி பெற்ற குடும்பங்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. பட்டியலில் இடம்பெறாத குடும்பங்களும் பல. என்னிடம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தைத்தவளுக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. கூரை உண்டு, சுவர் உண்டு, சன்னல் வழியே வெளிச்சமும் வருகிறது. ஆனால் அரைமணியில் என் வீட்டுக்கு நூல் வாங்க வந்தவள் இப்போது வந்து திரும்ப அரை நாளுக்கு மேல் செலவிட வேண்டியிருக்கிறது. பக்கத்து வீடுகளில் அவளோடு அமர்ந்து தைத்த பெண்கள் திசைக்கொருவராகச் சிதறிப் போயினர். வீட்டை இடிப்பவர்கள் ஒரு பட்டறையும் சேர்ந்து இடிபடுவதை எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை. இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை பை நிறைய வேலையை அனுப்புகிறேன். படத்தைக் கைபேசியில் பார்த்து ஐயம் தீர்த்துக்கொள்கிறாள். போக வர ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கிறோம். அதற்குப் புளியங்கொட்டை போதாது, தனியாகவே எழுதிக்கொள்கிறோம்.

எனக்கும் வயது எழுபதை எட்டுகிறது. இடக்கண்ணில் புரை நீக்கிய பிறகு வெள்ளை நிறம் இத்தனை வெண்மையாக இருந்ததா என்று வியந்தேன். கழுத்தும் தோளும் வலிக்காமல் ஒரு சிட்டம் தைக்க இயலாது. ஒவ்வொரு அரைமணிக்கும் எழுந்து சாளரத்தின் வழியே தொலைவிலுள்ள மரத்தைப் பார்க்க வேண்டும் என்று உடன் தைப்பவர்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்த ஓய்வும் கூலிக்குள் அடங்கும். கண் தேய்ந்தால் வேறு கண் வாங்க முடியாது.

கல்லூரி முடித்த பெண்கள் சிலர் இப்போது சனி, ஞாயிறுகளில் கற்றுக்கொள்ள வருகின்றனர். தைத்ததைப் படமெடுத்துப் போட்டு, கைபேசியிலேயே விற்கவும் தெரிந்தவர்கள் அவர்கள். அழகுணர்ச்சியில் என்னைவிடத் தேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் விலையைக் கேட்டால் அவர்களும் தலையைக் குனிந்துகொண்டு, "நூல் செலவு மட்டும் வந்தால் போதும் மாமி" என்கிறார்கள். படிப்பும் கருவியும் மாறியபின்னும் அந்தச் சொல் மட்டும் மாறாதிருக்கிறது. ஆகவே முதல் நாள் வளையம் கொடுப்பதற்கு முன் ஒரு டப்பாவைக் கொடுத்து, நூலை முழம் அளந்து வெட்டக் கற்றுக்கொடுக்கிறேன். காம்புத் தையல் இரண்டாம் நாள்தான்.